சோனிக் தொகுப்பு: எந்த மெஷின், எந்த நாட்டு டிஸ்க்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணம் நல்லூர்க் கோயில் கொடியேற்றத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே வெளிநாட்டுச் சொந்தங்களின் அழைப்பு தொடங்கிவிடும். "தம்பி, பிள்ளையளுக்கு என்ன கொண்டு வர?" முன்பெல்லாம் சொக்லேட், சப்பாத்து என்று பதில் போகும். இப்போது பெடியள் போனைப் பறித்து, "பழைய சோனிக் கேம் எல்லாம் ஒண்டாச் சேர்ந்த டிஸ்க்" என்கிறார்கள். பிறகு மாமாவோ சித்தியோ கனடாவின் ஸ்காபரோவில் ஒரு கடையில் நின்றுகொண்டு எனக்குப் படம் அனுப்புவார்கள்: "இதுவோ தம்பி?" பெரும்பாலும் அது இல்லை. ஒரே பதிலைத் தட்டித் தட்டிக் கை நொந்துபோனதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சோனிக் தொகுப்பு என்றால் ஒன்றுதானே? இதில் என்ன குழப்பம்?

ஒன்றல்ல. பெயர்கள் அண்ணன் தம்பி போல இருக்கும், உள்ளே இருப்பது வேறு. சோனிக் என்பது வேகமாக ஓடும் நீல முள்ளெலி. சேகா நிறுவனம் தன் பழைய டிவி கேம் மெஷினான மெகா டிரைவுக்கு 1991இலிருந்து விட்ட சோனிக் விளையாட்டுகளைப் பிறகு பல தடவை மூட்டை கட்டி விற்றிருக்கிறது. 2002இல் நின்டெண்டோவின் கேம்கியூப் மெஷினுக்கு 'சோனிக் மெகா கலெக்‌ஷன்'. 2004இல் பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ் இரண்டுக்கும் 'மெகா கலெக்‌ஷன் பிளஸ்'. 2005இல் 'சோனிக் ஜெம்ஸ் கலெக்‌ஷன்'. 2009இல் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360க்கு ஒரு பெரிய தொகுப்பு. 2018இல் 'மெகா டிரைவ் கிளாசிக்ஸ்'. 2022இல் 'சோனிக் ஒரிஜின்ஸ்'.

எங்கள் ஊருக்கு இதில் ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. முதல் சோனிக் 1991இல் வந்தபோது யாழ்ப்பாணத்தில் மின்சாரமே கிடையாது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம். கரண்ட் திரும்பி வந்த பிறகு கைக்கு எட்டியது 'ஒரே கசெட்டில் 9999 கேம்' என்று எழுதிய மலிவு டிவி கேம்தான். ஆகவே வெளிநாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் தொகுப்புகள் பழைய நினைவு. எங்களில் பலருக்கு இதுதான் முதல் ஆட்டம். முதல் ஆட்டம் என்றால் அது அசலுக்குக் கிட்ட இருக்க வேண்டும் என்பது என் கட்சி. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேம்கியூப் பதிப்புக்கும் பிளேஸ்டேஷன் 2 பதிப்புக்கும் என்ன வித்தியாசம்?

அதிகம் வரும் கேள்வி இதுதான்.

இரண்டிலும் அடிப்படை ஒன்று: சோனிக் 1, 2, 3, சோனிக் அண்ட் நக்கிள்ஸ், சோனிக் 3டி, ஸ்பின்போல், அப்புறம் நிற உருண்டைகளை அடுக்கும் 'மீன் பீன் மெஷின்'. இந்த ஏழும் டிஸ்க்கைப் போட்டவுடன் கிடைக்கும். வேறு சில ஒளிந்திருக்கும். ஏழையும் திரும்பத் திரும்பத் தொடக்கி விளையாடினால் 'ஃபிளிக்கி', 'ரிஸ்டார்' போன்றவை ஒவ்வொன்றாகத் திறக்கும். கேம்கியூபில் எல்லாம் திறந்தால் 12.

பிளஸ் பதிப்பில் 20 வரும். கூடுதலாக இருக்கும் எட்டில் இரண்டு மெகா டிரைவ் விளையாட்டுகள்: 'கொமிக்ஸ் ஸோன்', 'தி ஊஸ்'. மற்ற ஆறும் சேகாவின் கையடக்க மெஷினான கேம் கியருக்கு வந்தவை. அந்த மெஷினின் திரை 160க்கு 144 புள்ளி, தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. அந்தப் படத்தை 29 அங்குல டிவியில் இழுத்துப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அவற்றில் 'சோனிக் கேயாஸ்' நல்லது. 'சோனிக் டிரிஃப்ட்' கார் ஓட்டம். முதலில் ஜப்பானில் மட்டுமே வந்தது, எனவே பார்த்து வைக்கலாம். 'சோனிக் லாபிரிந்த்' என்பதில் சோனிக்குக் கனமான சப்பாத்தை மாட்டி ஓடவிடாமல் செய்திருக்கிறார்கள். சோனிக்கை ஓடவிடாத சோனிக் கேம்! அதை நான் இரண்டு தடவைக்கு மேல் போட்டதில்லை.

அந்த எட்டும் இல்லாவிட்டால் எனக்குக் குறை இல்லை. உண்மையான வித்தியாசம் பெட்டியின் மேல் எழுதாத ஒன்று: பிளஸ் பதிப்பில் ஆட்டத்தின் நடுவில் எந்த இடத்திலும் சேமிக்கலாம். கேம்கியூபில் அது கிடையாது. சோனிக் 1, 2 இரண்டும் அசலில் சேமிக்கும் வசதியே இல்லாத விளையாட்டுகள். ஒரே இருப்பில் முடிக்க வேண்டும். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத வீட்டில் அது பெரிய விஷயம். 2022இல் சில நாட்களில் 13 மணி நேரம் கரண்ட் நின்றதை நினைத்துப் பாருங்கள். கடைசிக் கட்டத்தில் வில்லன் டொக்டர் ரொபொட்னிக்கின் முன்னால் நிற்கும்போது வீடு இருண்டுபோனால், கேம்கியூப்காரர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிளஸ்காரர் மெமரி கார்டில் போட்டு வைத்த இடத்திலிருந்து தொடர்வார்.

கைப்பிடியையும் சொல்ல வேண்டும். கேம்கியூப் கன்ட்ரோலரின் திசைப் பொத்தான் மிகச் சின்னது. பெரியவர்களின் பெருவிரலுக்கு அது சரிவராது. பிளேஸ்டேஷன் 2 இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல்.

பிளஸ் பதிப்பிலேயே எக்ஸ்பாக்ஸ் நல்லதா, பிளேஸ்டேஷன் 2 நல்லதா?

விளையாட்டுகள் அதேதான். முதல் எக்ஸ்பாக்ஸ் எங்கள் பக்கம் அரிது, பழுதானால் பார்க்கிற ஆள் இல்லை. பிளேஸ்டேஷன் 2 என்றால் இன்னும் பல வீட்டு அலுமாரிக்குள் ஒன்று கிடக்கிறது.

கனடாவில் வாங்கிய டிஸ்க் எங்கள் வீட்டு பிளேஸ்டேஷன் 2இல் ஓடுமா?

சும்மா போட்டால் ஓடாது. மூன்று பூட்டு இருக்கிறது. ஒன்றைத் திறந்துவிட்டு மற்றதை மறந்துபோகிறவர்கள்தான் அதிகம்.

முதல் பூட்டு, ரீஜியன். பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்குகள் வட அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் என்று பிரிக்கப்பட்டவை. ஒரு பகுதியின் டிஸ்க்கை இன்னொரு பகுதியின் மெஷின் ஏற்காது. உங்கள் மெஷினில் சிப் (இந்தத் தடையைத் தாண்ட உள்ளே ஒட்டும் சின்னச் சில்லு) போட்டிருந்தால் இந்தப் பூட்டு இல்லை. யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 வீதி 2002இல் திறந்த பிறகு இங்கே வந்து சேர்ந்த மெஷின்களில் நான் திறந்து பார்த்தவை பெரும்பாலும் சிப் போட்டவைதான். கேம்கியூபுக்கும் இதே ரீஜியன் பூட்டு உண்டு.

இரண்டாவது பூட்டு, படம். எங்கள் டிவி 'பால்' (PAL) முறை: 625 கோடு, விநாடிக்கு 50 தடவை. கனடா டிஸ்க் அனுப்புவது என்டிஎஸ்சி: 525 கோடு, 60 தடவை. வண்ணத்தைச் சுமக்கும் அலையும் வேறு. பாலுக்கு 4.43 மெகாஹேர்ட்ஸ், என்டிஎஸ்சிக்கு 3.58. இதை அறியாத பழைய டிவியில் சோனிக் நீலமாக வராது, சாம்பல் நிறத்தில் ஓடுவார். சில டிவியில் படம் மேலே மேலே உருளும். டிஸ்க் பழுது என்று தூக்கி எறிய வேண்டாம். டிவியின் மெனுவில் வண்ண முறையை என்டிஎஸ்சி அல்லது ஓட்டோ என்று மாற்றிப் பாருங்கள். இப்போதைய எல்ஈடி டிவிகளில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

மூன்றாவது பூட்டுத்தான் ஆபத்தானது: கரண்ட். டிஸ்க்கை மட்டும் கொண்டுவந்தால் பிரச்சினை இல்லை. மாமா அன்பு மிகுதியில் மெஷினையும் சேர்த்துக் கொண்டுவந்தால்தான் வில்லங்கம். கனடாவின் தடித்த பிளேஸ்டேஷன் 2உம், கேம்கியூப் அடப்டரும் 120 வோல்ட்டுக்குச் செய்தவை. எங்கள் சுவரில் வருவது 230. பிளக்கின் காலை மாற்றும் சின்னக் கட்டை வோல்ட்டை மாற்றாது. அதைத் தெரியாமல் நானே ஒரு கேம்கியூப் அடப்டரைச் சுட்டிருக்கிறேன். 'டப்' என்று ஒரு சத்தம், மீன் கருகிய மாதிரி ஒரு மணம், அவ்வளவுதான். சின்ன மாமியின் மகன் மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. 110 வோல்ட்டுக்கு இறக்கும் டிரான்ஸ்ஃபோமர் ஒன்று வாங்குங்கள், இல்லையென்றால் மெஷினைக் கொண்டுவரவே வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பிளேஸ்டேஷன் 4, நின்டெண்டோ சுவிட்ச் இரண்டுக்கும் இந்த மூன்று பூட்டும் இல்லை. டிஸ்க்கோ கார்ட்டோ எந்த நாட்டுடையதானாலும் ஓடும், மின் பகுதி 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும்.

லண்டன் மச்சான் "சோனிக் இவ்வளவு வேகமா ஓடாது, இது போலி" என்கிறான். கனடா மச்சான் இதுதான் சரி என்கிறான். யார் சொல்வது உண்மை?

கனடா மச்சான். ஆனால் லண்டன் மச்சான் பொய் சொல்லவில்லை, பாவம்.

மெகா டிரைவ் விளையாட்டுகள் விநாடிக்கு 60 என்ற கணக்கில் செய்யப்பட்டவை. ஐரோப்பாவில் அதே விளையாட்டை 50 தடவை காட்டும் டிவிக்கு விட்டபோது பலவற்றைத் திருத்தாமலே விட்டுவிட்டார்கள். 60இல் 50 என்றால் ஏறத்தாழ 17 வீதம் மெதுவாகும். முதல் சோனிக்கில் ஓட்டமும் மெதுவு, பாட்டும் இழுபடும். 1992இல் வந்த சோனிக் 2இல் பாட்டை மட்டும் சரியான வேகத்துக்குத் திருத்தினார்கள், ஓட்டம் அப்படியே. லண்டனிலும் பாரிஸிலும் வளர்ந்த ஒரு தலைமுறை முழுக்க மெதுவான சோனிக்கையே அசல் என்று நினைத்து வளர்ந்திருக்கிறது. லண்டன் பெரியப்பா பரணிலிருந்து இறக்கிய பழைய மெகா டிரைவைக் கொண்டுவருகிறேன் என்றால் நன்றி சொல்லி வாங்குங்கள். வேகம் குறைவு என்று அவரிடம் சொல்ல வேண்டாம்.

சோனிக் ஜெம்ஸ் கலெக்‌ஷன் பிளேஸ்டேஷன் 2க்கு வேண்டும். கனடா அண்ணா தேடித் தேடிக் கிடைக்கவில்லை என்கிறார்.

அங்கே கிடைக்காது. கேம்கியூப் பதிப்பு எல்லாப் பக்கமும் வந்தது. பிளேஸ்டேஷன் 2 பதிப்பு ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் மட்டும். வட அமெரிக்காவில் அதை வெளியிடவே இல்லை. லண்டன், பிரான்ஸ், ஜெர்மனிப் பக்கம் யாராவது இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள். ஐரோப்பிய டிஸ்க் என்பதால் எங்கள் டிவிக்கும் ஒத்துவரும்.

இதை ஏன் தேட வேண்டும் என்றால், மெகா கலெக்‌ஷனில் இல்லாத 'சோனிக் சீடி' இதில்தான் இருக்கிறது. (மெகா கலெக்‌ஷனில் சோனிக் சீடியின் கார்ட்டூன் தொடக்கக் காட்சியைப் படமாகப் போட்டுவிட்டு விளையாட்டைத் தரவில்லை. சோறு போடாமல் வாழையிலை மட்டும் விரித்த கதை.) 1996இல் ஆர்கேடில் (கடையில் காசு போட்டு ஆடும் மெஷினில்) வந்த 'சோனிக் த ஃபைட்டர்ஸ்' வீட்டு மெஷினுக்கு முதன்முதலில் வந்ததும் இதில்தான். ஜப்பான் பதிப்பில் 'பேர் நக்கிள்' அடிதடி விளையாட்டுகள் மூன்றும் இருந்தன. மற்ற நாடுகளுக்கு வரும்போது எடுத்துவிட்டார்கள்.

பிளேஸ்டேஷன் 3 தொகுப்பில் 40க்கு மேல் விளையாட்டு இருக்கிறதே. அதைவிட்டு ஏன் பழையதைச் சொல்கிறீர்கள்?

பெட்டியில் எழுதிய எண்ணைப் பார்த்து வாங்குவது 9999 கசெட் காலத்து நோய். அந்தக் கசெட்டில் முதல் பத்துப் பதினைந்துக்குப் பிறகு அதே விளையாட்டுகள் வேறு பெயரில் திரும்பி வந்தது மறந்துபோச்சா?

2009 தொகுப்பு மோசமில்லை. 40 மெகா டிரைவ் விளையாட்டுகள், திறக்க வேண்டியவை வேறு. நடுவில் சேமிக்கலாம். படம் புதிய டிவியில் தெளிவு. சோனிக் 3 இருக்கிறது, சோனிக் அண்ட் நக்கிள்ஸ் இருக்கிறது. ஆனால் இரண்டையும் இணைக்க முடியாது. எனக்கு அங்கேதான் இடிக்கிறது.

விளங்காதவர்களுக்காக: 1994இல் வந்த சோனிக் அண்ட் நக்கிள்ஸ் கசெட்டின் தலையில் ஒரு வாய் இருந்தது. அதில் சோனிக் 3 கசெட்டைச் செருகினால் இரண்டும் சேர்ந்து ஒரே நீண்ட விளையாட்டாகும். சோனிக் 2ஐச் செருகினால் அதில் சோனிக்குக்குப் பதிலாக நக்கிள்ஸ் என்ற பாத்திரமாக ஓடலாம். சோனிக் 1ஐச் செருகினால் நீல உருண்டைகள் நிறைந்த தனி விளையாட்டு வரும். ஒரே கதையை இரண்டு கசெட்டாக வெட்டி விற்று, பிறகு ஒட்டும் வழியையும் விற்ற கெட்டித்தனம். கேம்கியூப், பிளஸ் இரண்டிலும் இந்த மூன்று இணைப்பும் உண்டு, திறக்கும் வரை பொறுமை வேண்டும். 2009 தொகுப்பில் இந்த வசதியையே விட்டுவிட்டார்கள். சோனிக் 3ஐ முதல்தடவை விளையாடும் பிள்ளைக்குப் பாதிக் கதைதான் கிடைக்கும்.

பிளேஸ்டேஷன் 4, சுவிட்சுக்கு வந்த மெகா டிரைவ் கிளாசிக்ஸ் எப்படி?

50க்கு மேல் விளையாட்டு, பின்னோக்கி ஓட்டும் பொத்தான், எங்கும் சேமிக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு அந்தப் பின்னோக்கும் பொத்தான் வரப்பிரசாதம். ஆனால் சோனிக் 3உம் இல்லை, சோனிக் அண்ட் நக்கிள்ஸும் இல்லை. 2024 டிசம்பரில் இணையக் கடைகளிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். இனி டிஸ்க்காகவோ கார்ட்டாகவோதான் தேட வேண்டும். சோனிக்குக்காக என்றால் வேண்டாம், மற்ற மெகா டிரைவ் விளையாட்டுகளுக்காக என்றால் தாராளமாக.

சோனிக் ஒரிஜின்ஸ் புதியது, அழகாக இருக்கிறது. அதை வாங்கினால் எல்லாம் முடிந்ததுதானே?

பாதி முடிந்தது. சோனிக் 1, 2, சீடி, இணைத்த சோனிக் 3 எல்லாம் இதில் உண்டு. பழைய கசெட்டை அப்படியே ஓட்டாமல் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். ஆகவே படம் அகலத் திரை முழுவதும் விரியும், உயிர் எண்ணிக்கை இல்லாத முறை ஒன்றும் இருக்கிறது. பழைய சதுரப் படமும் மூன்று உயிரும் வேண்டும் என்றால் 'கிளாசிக்' முறை இருக்கிறது, அதைப் போடுங்கள். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், சுவிட்ச் பதிப்புகளுக்கு இடையே விளையாட்டில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. வீட்டில் எது இருக்கிறதோ அதற்கு வாங்கலாம்.

குறை இசையில். சோனிக் 3இன் மூன்று கட்டங்களில், அதாவது கார்னிவல் நைட், ஐஸ் கேப், லோஞ்ச் பேஸ் ஆகியவற்றில் அசல் பாட்டு இல்லை, வேறு பாட்டு ஒலிக்கும். இந்த மாற்றுப் பாட்டுகள் 1997இல் வந்த கணினிப் பதிப்பிலேயே தலைகாட்டியவை. அசல் இசையில் மைக்கேல் ஜாக்சனின் பங்கு உண்டு என்று பல ஆண்டுகளாகக் கதை அடிபட்டது. ஒரிஜின்ஸ் வந்த கையோடு, முதல் சோனிக்கின் நிரலை எழுதிய யூஜி நாகாவே பாட்டு மாறியதைக் கண்டு ஜாக்சனின் பெயரை வெளிப்படையாக எழுதினார். ஐஸ் கேப்பில் பனிச்சறுக்குப் பலகையில் இறங்கும்போது கேட்கும் அந்த அசல் பாட்டு இல்லாமல் அந்தக் கட்டம் எனக்கு உப்பில்லாத கூழ். மெகா கலெக்‌ஷன், பிளஸ், 2009 தொகுப்பு மூன்றிலும் அசல் பாட்டு அப்படியே இருக்கிறது.

'ஒரிஜின்ஸ் பிளஸ்' பெட்டியில் வாங்கினால் இன்டர்நெட் தேவையில்லைதானே?

தேவை. 2023இல் வந்த அந்தப் பெட்டியில் பழைய ஒரிஜின்ஸ்தான் டிஸ்க்கில் இருக்கும். கூடுதலான ஏமி என்ற பாத்திரம், 12 கேம் கியர் விளையாட்டுகள் எல்லாம் ஒரு தாளில் உள்ள குறியீட்டைத் தட்டித்தான் இறக்க வேண்டும். பிளேஸ்டேஷனில் அந்தக் குறியீடு வாங்கிய பகுதியின் கணக்கில்தான் வேலை செய்யும். இங்கே பலர் கனடாச் சொந்தத்தின் முகவரியில் கணக்கு வைத்துக்கொண்டு, பெட்டியை லண்டனிலிருந்து எடுப்பிக்கிறார்கள். பிறகு குறியீடு பிழை என்று வரும்போது கடைக்காரனைத் திட்டுகிறார்கள். கணக்கு எந்த நாடோ, பெட்டியும் அந்தப் பக்கம்.

பழைய பெட்டி டிவியைத் தூக்கி எறியலாமா?

எறியாதீர்கள். பிளேஸ்டேஷன் 2ஐ மஞ்சள் வயரில் புது எல்ஈடி டிவிக்குக் கொடுத்தால் படம் நனைந்த கடதாசி மாதிரி இருக்கும். பொத்தானை அமத்திய பிறகு ஒரு கணம் தாமதித்துத்தான் சோனிக் பாய்வார். பெட்டி டிவியில் அந்தத் தாமதம் இல்லை. இடம் இல்லையென்றால் குறைந்தது கொம்பொனன்ட் வயராவது (படத்துக்கு மூன்று முனை உள்ளது) போடுங்கள்.

சரி, ஒரே சொல்லில் சொல்லுங்கள். எதை வாங்க?

வீட்டில் சிப் போட்ட பிளேஸ்டேஷன் 2 இருந்தால் மெகா கலெக்‌ஷன் பிளஸ், எந்த நாட்டு டிஸ்க்கானாலும். சிப் இல்லையென்றால் மெஷினுக்குக் கீழே ஒட்டிய தாளைப் பார்த்து அதே பகுதியின் டிஸ்க். பிளேஸ்டேஷன் 4உம் அதற்கு மேலும், சுவிட்சும் மட்டும் இருந்தால் ஒரிஜின்ஸ். அந்த மூன்று பாட்டையும் யூடியூபில் ஒருக்கால் கேட்டுவிடுங்கள். கேம்கியூப் யாராவது சும்மா தந்தால் மட்டும்.

இரண்டு பேர் சேர்ந்து விளையாடலாமா? அக்காவின் மகனுக்கு நாலு வயசுதான்.

சோனிக் 2ஐப் போட்டு இரண்டாவது கன்ட்ரோலரை அவன் கையில் கொடுங்கள். அவனுக்கு வால் நரி டெயில்ஸ். குழியில் விழுந்தாலும் முள்ளில் குத்துப்பட்டாலும் உங்கள் உயிர் குறையாது, கொஞ்ச நேரத்தில் பறந்து வந்து சேர்ந்துவிடுவான். ரொபொட்னிக்குக்கு அவன் போடும் அடியும் கணக்கில் சேரும். நான் சொன்ன எல்லாத் தொகுப்பிலும் இது வேலை செய்யும், ஜெம்ஸில் தவிர. அதில் மெகா டிரைவ் சோனிக் 2 இல்லை. ஆகவே மாமாவிடம் டிஸ்க்கோடு இன்னொரு கன்ட்ரோலரும் எடுத்துவரச் சொல்லுங்கள். அதற்கு வோல்ட் பிரச்சினையும் இல்லை.